சேலத்தில் ஒரு செல் அறை: மனித செல்லா, மீன் செல்லா, செடியா?

போன வாரம் ஜூனியர் ஒருத்தி போன் செய்தாள். சேலத்தில் ஒரு கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பத் துறையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது அவளுக்கு. "அக்கா, பழைய டார்க் ரூமைக் காலி பண்ணிக் குடுத்துட்டாங்க. கொஞ்சம் பணமும் ஒதுக்கியிருக்காங்க. செல் கல்ச்சர் ஆரம்பிக்கலாம்னு இருக்கேங்க்கா. எந்த செல் வாங்கறது?"

"ஞாயித்துக்கிழமை யாரு வருவாங்க?" என்று திருப்பிக் கேட்டேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

உயிருள்ள செல்லை உடலுக்கு வெளியே, ஃப்ளாஸ்கில் வளர்ப்பது என்றதும் எல்லோரும் இயந்திரப் பட்டியலைத்தான் எடுக்கிறார்கள். இன்குபேட்டர், கேபினெட், மைக்ராஸ்கோப், சென்ட்ரிஃப்யூஜ். அவை வேண்டும்தான். ஆனால் வாங்கும் செல்லின் குணத்தைப் பொறுத்து அந்தப் பட்டியல் பாதியாகவும் ஆகும், இரண்டு மடங்காகவும் ஆகும். அதனால் எந்த செல் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அவளுக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன: மனிதப் புற்றுநோய் செல்கள், வெளியே கொடுத்துச் செய்து வாங்குவது, செடித் திசு வளர்ப்பு, அப்புறம் யாரும் சட்டென்று நினைக்காத மீன் செல்கள்.

எல்லோரும் ஆசைப்படுவது

ஹீலா, எம்சிஎஃப்-7, ஏ549. மூன்றும் ஆய்வகத்தில் தொடர்ந்து வளரும் மனிதப் புற்றுநோய் செல் வரிசைகள். தமிழ்நாட்டில் உயிர்த்தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் கிரிக்கெட் வீரர்கள் பெயர் மாதிரி. சேர்வராயன் மலையிலிருந்து ஒரு மூலிகை, அதன் சாறு, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று நிறத்தை வைத்துப் பார்க்க, புற்றுநோய் செல் மேல் ஒரு எம்டிடி சோதனை, ஒரு கட்டுரை. இந்தப் பாதையில் நடக்காதவர்கள் குறைவு. நானும் நடந்தவள்தான்.

ஹீலா 1951-இல் பால்டிமோரில், ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுக்கப்பட்டு வளர்க்கப்பட்டது. இன்றுவரை நிற்காமல் வளர்கிறது. ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? வெள்ளிக்கிழமை மாலை, இருக்கும் செல்லில் கால் பங்கைப் புது ஃப்ளாஸ்கில் போட்டுவிட்டுப் போனால் ஞாயிறு மாலைக்குள் ஃப்ளாஸ்கின் தரை நிறைந்துவிடும். திங்கள் காலை வந்தால் சிவப்பாக இருக்க வேண்டிய ஊடகம், அதாவது செல் வளரும் சத்துக் கரைசல், எலுமிச்சை மஞ்சளாக, அதாவது அமிலமாக, மாறியிருக்கும். பாதி செல் மிதக்கும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா விடுமுறையா, பொங்கல் நான்கு நாளா, செல்லுக்கு அதெல்லாம் தெரியாது. ஒருவர் சுழற்சி முறையில் வந்தே ஆக வேண்டும். துறையில் ஆராய்ச்சி மாணவர்கள் மூன்று பேராவது இல்லாத இடத்தில் இந்த வேலை ஆறு மாதம் தாங்காது.

அடுத்தது வெயில். செல்லை ஒரே சூட்டில் வைக்கும் பெட்டியான இன்குபேட்டரைப் பற்றிச் சேலத்துக்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதற்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. 37 டிகிரியில் நிலையாக நிற்க வேண்டுமென்றால் அறை அதைவிட ஐந்தாறு டிகிரியாவது குறைவாக இருக்க வேண்டும். சுற்றிலும் மலை சூழ்ந்த இந்த ஊரில் ஏப்ரல், மே மாதம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இன்குபேட்டருக்கென்றே தனி ஜெனரேட்டர் இணைப்புக் கொடுத்திருந்தோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு. ஒரு மே மாதம், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். காலை ஒன்பதுக்குப் போன மின்சாரம் மதியம் வரை வரவில்லை. இன்குபேட்டர் ஜம்மென்று ஓடியது. ஏசிக்கு இணைப்புக் கொடுக்க மறந்திருந்தோம். இரண்டு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது அறை 38. உள்ளே ஓடும் விசிறியின் சூடும் சேர்ந்து பெட்டி 40-ஐத் தாண்டியிருந்தது. அன்று செல்கள் சாகவில்லை. செத்திருந்தால்கூடப் பரவாயில்லை, சூட்டில் அடிபட்ட செல்லை வைத்து அடுத்த பத்து நாள் சோதனை செய்து, வந்த எண்களை நம்பினோம். அந்தப் பத்து நாள் எண்களைத்தான் பிறகு குப்பையில் போட வேண்டி வந்தது.

கார்பன் டை ஆக்சைடு இன்னொரு தொல்லை. வழக்கமான ஊடகங்களில் அமில-காரச் சமநிலையைப் பிடித்து நிறுத்துவது பைகார்பனேட். அது வேலை செய்யப் பெட்டிக்குள் 5 சதவீதம் சிஓடூ இருந்தே ஆக வேண்டும். சிலிண்டர் தீர்ந்தால் ஊடகம் ஊதா கலந்த ரோஜா நிறத்துக்குப் போய்விடும். சிலிண்டர் எப்போதும் சனிக்கிழமை இரவில்தான் தீரும் என்பது என் அனுபவம். இரண்டு சிலிண்டர் இல்லாமல் தொடங்காதே என்றேன்.

இதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. ஹீலாவுக்குள், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் 18-இன் மரபணுத் துண்டு இருக்கிறது. மனித செல்களை இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு விதிகளின்படிதான் கையாள வேண்டும். பல கல்லூரிகளில் ஏற்கெனவே இருப்பது கிடைமட்ட லேமினார் ஃப்ளோ, வடிகட்டிய காற்று வீசும் வேலை மேடை. அதில் காற்று வேலையின் மேல் பட்டு நேராக நம் முகத்துக்கு வரும். செல்லுக்கு நல்லது, நமக்கு ஆகாது. அதில் மனித செல்லைத் திறக்கவே கூடாது. செல்லோடு நம்மையும் காக்கும் இரண்டாம் வகுப்பு பயோசேஃப்டி கேபினெட் வேண்டும். அவளுக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும் பகுதி அங்கேயே போய்விடும்.

பக்கத்து லேபிலிருந்து ஒரு ஃப்ளாஸ்க்

"செல் வாங்கறதுக்கு எதுக்குக்கா காசு? தெரிஞ்ச லேப்ல ஒரு ஃப்ளாஸ்க் தர்றேன்னாங்க" என்றாள். இங்கே கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன்.

எனக்கும் ஒருமுறை அப்படித்தான் அன்பாக ஒரு ஃப்ளாஸ்க் வந்தது. கலங்கல் இல்லை, நாற்றம் இல்லை, மைக்ராஸ்கோப்பில் செல்கள் அழகாகப் படுத்திருந்தன. ஆனால் வளர்ச்சி மந்தம். ஊடகத்தில் கலக்கும் இரத்தச் சீரத்தை மாற்றினேன், ஊடகத்தை மாற்றினேன், தண்ணீரைக்கூடச் சந்தேகப்பட்டேன். இரண்டு மாதம் கழித்து பிசிஆர் சோதனையில் தெரிந்தது: மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய கிருமி. அதற்குச் செல்சுவர் கிடையாது, அதனால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. ஊடகத்தைக் கலக்காது. நாம் கிருமி நீக்கத்துக்கு நம்பும் 0.22 மைக்ரான் வடிகட்டியில்கூட நழுவி வந்துவிடும். நம் வாயில் வாழும் வகையே ஒன்று உண்டு. கேபினெட் முன்னால் உட்கார்ந்து தட்டுவடை செட்டைப் பற்றி அளந்துகொண்டிருந்தால் அதுவே போதும். அந்த ஃப்ளாஸ்கோடு அதே இன்குபேட்டரில் இருந்த மற்ற செல்களையும் சேர்த்து அழித்தோம்.

இன்னொன்று, அந்த செல் சொன்ன செல்தானா என்பது. 1966-இலேயே ஸ்டான்லி கார்ட்லர், வெவ்வேறு பெயரில் உலவிய பல செல் வரிசைகள் உண்மையில் ஹீலாதான் என்று காட்டினார். வேகமாக வளர்வது மெதுவாக வளர்வதை மூடிவிடும், வயலில் கோரை மாதிரி. ஆகவே மனித செல் வாங்குவதாக இருந்தால் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் சேமிப்பகத்தில் முறைப்படி கேட்டு வாங்க வேண்டும். அதையும் மார்கழி, தை மாதத்தில் வரவழைப்பது நல்லது. மே மாதக் கூரியர் வண்டிக்குள் ஃப்ளாஸ்க் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பார்.

ஆன்டிபயாடிக் ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பென்சிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் எப்போதும் கலந்தே வைத்திருந்தால் கையின் தவறு வெளியே தெரியாது. பாக்டீரியா அடங்கிக் கிடக்கும், மைக்கோபிளாஸ்மா நிம்மதியாக இருக்கும். பழகும் முதல் மூன்று மாதம் ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்க்க வேண்டும். நான்கைந்து ஃப்ளாஸ்க் கெடும். கெடட்டும். யார் கை சரியில்லை என்று அப்போதுதான் தெரியும்.

வெளியே கொடுத்துவிட்டால்?

இது ஒன்றும் கேவலமான வழி இல்லை. கோவையிலோ பெங்களூரிலோ கட்டணத்துக்குச் செய்து தருகிறார்கள். ஆய்வேட்டில் ஒரே ஒரு எம்டிடி படம்தான் வேண்டும், ஜூனில் சமர்ப்பிக்க வேண்டும் என்றால் அறை கட்டி என்ன செய்யப் போகிறோம்? கொடுத்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எம்டிடி மஞ்சள் நிறத் தூள். உயிருள்ள செல் அதை ஊதாப் படிகமாக மாற்றும். ஊதா எவ்வளவு கூடுதலோ அவ்வளவு செல் உயிரோடு இருக்கிறது என்று கணக்கு. ஆனால் மூலிகைச் சாற்றில் இருக்கும் பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் அதே வேலையைச் செய்துவிடும். செல் செத்துக் கிடக்கும், கிணறு (சோதனைத் தட்டில் உள்ள சிறு குழி) ஊதாவாக மின்னும். அதனால் செல் போடாத கிணறுகளில் சாறும் எம்டிடியும் மட்டும் ஊற்றிய ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். சாற்றைக் கரைத்த கரைப்பான் மட்டும் ஊற்றிய வரிசையும் வேண்டும். இதைக் கேட்காமல் வெறும் எக்செல் தாளை வாங்கிவந்து, தேர்வாளர் முன்னால் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வழியில் மாணவர்கள் கைக்கு எதுவும் வராது என்பதுதான் எனக்கு உள்ள ஒரே வருத்தம். ஒதுக்கியிருக்கும் அறையும் சும்மா கிடக்கும்.

குச்சிக்கிழங்கும் ஆர்க்கிடும்

செடித் திசு வளர்ப்புக்கு சிஓடூ வேண்டாம், சீரம் வேண்டாம், 25 டிகிரி அறை போதும். கல்லூரியில் இருக்கும் அந்தக் கிடைமட்ட லேமினார் ஃப்ளோவே போதும். முராஷிகியும் ஸ்கூகும் 1962-இல் வெளியிட்ட உப்புக் கலவையில் சர்க்கரையும் அகாரும் கலந்து ஆட்டோகிளேவ் செய்தால், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கினால், ஊடகம் தயார். மாதம் ஒருமுறை புதுப் பாட்டிலுக்கு மாற்றினால் போதும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கலாம்.

சேலத்துக்கென்றே ஒரு வேலையும் இதில் இருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், வைரஸால் வரும் தேமல் நோய் எவ்வளவு பெரிய தொல்லை என்று ஜவ்வரிசி ஆலைக்காரர்களைக் கேட்டால் தெரியும். வெள்ளை ஈ பரப்புவது ஒரு பக்கம். நோய் உள்ள குச்சியையே வெட்டி அடுத்த வருடம் நடுவது இன்னொரு பக்கம். நுனி மொட்டில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வளர்திசுவை மட்டும் கீறி எடுத்து வளர்த்தால் வைரஸ் இல்லாத கன்று கிடைக்க வாய்ப்பு உண்டு. மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, போய்ப் பேசலாம். ஆர்க்கிட் ஆசை இருந்தால் யேற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசு மாதிரி. உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது, காட்டில் ஒரு பூஞ்சையின் தயவில்தான் முளைக்கும். 1922-இல் நட்சன் சர்க்கரை ஊடகத்திலேயே அதை முளைக்க வைத்துக் காட்டினார். மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

"அப்ப யேற்காட்டுலயே போட்டுறலாமே, குளிர் சும்மாவே கிடைக்குது" என்றாள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வெயில் தீரும், உண்மைதான். ஆனால் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். ஆட்டோகிளேவில் வழக்கம் போல 15 பவுண்டு அழுத்தம் வைத்தால் உள்ளே 121 டிகிரி வராது, 118-ஐ ஒட்டித்தான் நிற்கும். முள்ளை பதினேழரைக்குக் கொண்டுபோக வேண்டும், பாத்திரம் அதற்கு ஏற்றதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே மனித செல் வளர்ப்பதாக இருந்தால் சிஓடூவையும் 5-இலிருந்து 6 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும். சதவீதம் அதேதான் என்றாலும் அழுத்தம் குறைந்த காற்றில் வாயுவின் அளவு குறைவு. அப்புறம் பனிமூட்டம். ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஈரத்தில் செருப்பே பூஞ்சை பிடிக்கும். பாட்டில் மூடி தப்புமா? மலைக்குச் சுற்றுலாதான் சரி.

மீன்

நான் அவளுக்குச் சொன்னது மீன் செல். முதலில் விளையாட்டு என்று நினைத்தாள்.

நம் ஊர் வெப்ப மண்டல மீன்களின் செல்கள் 28 டிகிரியில் வளரும். பெரும்பாலும் எல்-15 என்ற ஊடகத்தில் வளர்ப்பார்கள். லீபோவிட்ஸ் 1963-இல் உருவாக்கியது. அதில் பைகார்பனேட் இல்லை. குளுக்கோஸுக்குப் பதில் கேலக்டோஸ், அதனால் அமிலம் அவ்வளவு சீக்கிரம் சேராது. சாதாரணக் காற்றே போதும். சிலிண்டர் இல்லை, ரெகுலேட்டர் இல்லை, சனிக்கிழமை இரவுப் பதற்றம் இல்லை. மறந்துபோய் சிஓடூ பெட்டியில் வைத்தால்தான் மஞ்சளாகும்! நுண்ணுயிரியல் துறையில் ஓர் ஓரத்தில் கிடக்கும் பிஓடி இன்குபேட்டர் போதும். அதற்குக் குளிர்விக்கவும் தெரியும் என்பதால் மே மாதமும் கவலை இல்லை. ஓரிரு டிகிரி ஏறி இறங்கினாலும் மீன் செல் பொறுத்துக்கொள்ளும். குளத்துத் தண்ணீர் என்ன எப்போதும் ஒரே சூட்டிலா இருக்கிறது? ஹீலா அளவுக்கு வேகம் இல்லை, நாலைந்து நாள் விடுமுறையைத் தாங்கும்.

தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியால் இது முடியுமா என்று கேட்டால், மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் கொடுவா மீனிலிருந்தே செல் வரிசைகளை உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். பெரிய நகரத்துப் பெரிய நிறுவனம் இல்லை, கல்லூரிதான். லக்னோவில் உள்ள மீன் மரபுவளத் தேசியப் பணியகத்தில் மீன் செல் வரிசைகளுக்கென்றே தேசியச் சேமிப்பகம் இருக்கிறது. அங்கே கேட்டு வாங்குவதே மேல். மேட்டூர் கட்லாவைச் சந்தையில் வாங்கி வெட்டி நாமே தொடங்கலாம் என்ற ஆசை வரும். மீன் தோலும் குடலும் பாக்டீரியா மூட்டை. முதல் வருடம் வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. சீரம் இதற்கும் வேண்டும், அதுதான் செலவில் பெரியது. மைக்கோபிளாஸ்மா இங்கேயும் வரும். புற்றுநோய்க் கட்டுரை எழுத முடியாது. துறைத் தலைவருக்கு அது கொஞ்சம் கசக்கும். ஆனால் சேலத்தில் மீன் செல்லுக்குக் கேள்விக்கா பஞ்சம்? திருமணிமுத்தாற்றில் சாயப்பட்டறைக் கழிவும் ஜவ்வரிசி ஆலைக் கழிவும் கலப்பது ஊருக்கே தெரிந்த கதை. தண்ணீரின் நச்சுத்தன்மையை உயிருள்ள மீனுக்குப் பதிலாக மீன் செவுள் செல்லில் பார்க்கும் முறையை, பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 2021-இல் தன் 249-ஆவது வழிகாட்டியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. அது குளிர்நீர் டிரவுட் மீனின் செல், 19 டிகிரி கேட்கும். நம் கட்லா செல்லோடு அந்த முறையை ஒத்திட்டுப் பார்ப்பதே ஒரு முனைவர் பட்ட வேலை.

ஃப்ளாஸ்க் நிறைந்ததும் செல்லைப் பிரித்துப் புது ஃப்ளாஸ்குக்கு மாற்றும் கைப்பழக்கம் மீன் செல்லுக்கும் மனித செல்லுக்கும் ஒன்றுதான். ஊடகத்தை உறிஞ்சி எடுத்து, கால்சியம் இல்லாத உப்புக் கரைசலால் கழுவி, செல்லைத் தரையிலிருந்து பிரிக்கும் நொதியான ட்ரிப்சின் ஊற்ற வேண்டும். கழுவாமல் ஊற்றினால் மிச்சமிருக்கும் சீரம் ட்ரிப்சினை அடக்கிவிடும், ஒன்றும் நடக்காது. பிறகு மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. தரையில் பரந்து ஒட்டிக் கிடந்த செல்களின் ஓரம் முதலில் சுருங்கும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கூம்பி, விளிம்பு பளிச்சிட, ஜவ்வரிசி மாதிரி உருண்டுகொண்டு நிற்கும். அந்த நொடியில் ஃப்ளாஸ்கின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. சரிந்து ஓடும். உடனே சீரம் கலந்த ஊடகத்தை ஊற்றி நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் போகட்டும் என்று டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது செல்லின் தோலே கரைந்து கொழகொழவென்று கட்டியாகியிருக்கும். இதை மீன் செல்லில் பழகியவள் நாளைக்கு மனித செல்லையும் கையாள்வாள்.

உறைய வைப்பதில் மட்டும் குறுக்கு வழி வேண்டாம். உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதம், நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குளிர்விப்பது, எடுக்கும்போது சட்டென்று உருக்குவது. மைனஸ் 80 ஃப்ரீசர் சில மாதத்துக்குச் சரி. வருடக்கணக்கில் என்றால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்தான். சேலம் மாவட்டத்தில் அது ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் அந்தக் கேனோடுதான் ஊர் ஊராகப் போகிறார்கள். மரக்குச்சியை உள்ளே விட்டு எடுத்து அசைத்தால் எதுவரை வெண்பனி பூக்கிறதோ அதுவரை நைட்ரஜன் இருக்கிறது. வாரம் ஒருமுறை பார்த்துத் தேதியோடு எழுத ஓர் ஆள் வேண்டும். ஒரு லிட்டர் ஆவியானால் எழுநூறு லிட்டர் வாயு. ஜன்னல் இல்லாத டார்க் ரூமில் கேனை வைத்துக் கதவைச் சாத்தினால் உள்ளே போகிறவருக்கு மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது. கேன் வராந்தாவில், பூட்டிய கம்பிக் கூண்டுக்குள்.

ஆக, அவள் வாங்கப் போவது: பழைய பிஓடி பெட்டியைப் பழுது பார்ப்பது, ஒரு பயோசேஃப்டி கேபினெட், ஒரு இன்வெர்ட்டட் மைக்ராஸ்கோப், ஒரு கேன், எல்-15, சீரம். மனித செல்லுக்குத்தான் கேபினெட் கட்டாயம் என்றாலும் இப்போதே வாங்கிவிடச் சொன்னேன். இரண்டு வருடம் கழித்து ஆள் சேர்ந்ததும் ஹீலாவுக்குப் போக அதுதான் பெரிய தடையாக இருக்கும். மரவள்ளி நுனி வளர்ப்பு இளங்கலை மாணவர்களுக்கு, பழைய லேமினார் ஃப்ளோவில், வேறு அறையில். செடியில் வரும் பூஞ்சையும் செல்லும் ஒரே கதவுக்குள் இருக்கக் கூடாது. இந்த வருடம் ஆய்வேடு முடிக்க வேண்டிய இரண்டு பேர் மட்டும் வெளியே கொடுத்துச் செய்துகொள்ளட்டும், செல் போடாத கிணற்றோடு.

நேற்று மாலை மறுபடி போன். "அக்கா, தலைவர் ஒத்துக்கிட்டாருங்க. ஏசி நாளைக்கு வருது. சுவத்துல மட்டும் ஒரு மூலையில ஈரம் கசியுது, பெயின்ட் அடிச்சு மறைச்சுரலாம்ங்கறாங்க."

"பெயின்ட் வேண்டாம். மாடியில எந்தக் குழாய் சொட்டுதுன்னு பாரு. அதை அடைச்சுச் சுவர் காயற வரைக்கும் லக்னோவுக்குக் கடிதம் போடாதே."